ஐந்தாவது இலையும் சம்பந்தியின் கேடயமும்

வெள்ளிக்கிழமை, காலை மணி எட்டரை.
நிழலில் வெப்பம் 31.2 டிகிரி. (மன்னிக்கவும். கை தானாக எழுதிவிட்டது.)

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கே நானும் என் மனைவியும் உடம்பால் நலம். மனசாலும் நலம் என்று எழுதப் போனேன், அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். அங்கே தாங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, ஏழு மாத வயிற்றோடு இருக்கும் எங்கள் மகள், பெட்ரோல் பங்க்கில் நிற்கும் ஆறு பம்புகள் எல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். நிச்சயமாகத் தெரியாததால்தான் நம்புகிறேன். மூன்று வாரமாக நான் போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை எடுத்தீர்கள், அப்போதும் "ராங் நம்பர்" என்று தங்கள் குரலிலேயே சொல்லி வைத்துவிட்டீர்கள். குரலை மாற்றக்கூட முயற்சி செய்யவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

நேற்று மகள் போன் செய்து, "அப்பா, நீங்களும் மாமாவும் பேசிக்கிற வரைக்கும் பொறக்கப்போற பிள்ளைக்குத் தாத்தான்னு ரெண்டு பேரையும் காட்டமாட்டேன், போட்டோவுலகூட காட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் என்று தங்களுக்கும் தெரியும். அதனால் மானம் ரோஷம் எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததெல்லாம் தங்களுக்குத் தெரியும், கூடவே இருந்தவர். ஆனாலும் ஊரில் சுற்றும் கதையில் நான் எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்தது போல வருகிறது. நான் வானிலை ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். திட்டம் போட்டு எனக்கு எதுவும் நடந்ததில்லை. எனவே எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

என் உத்தியோகம் என்ன என்று தாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, பார்க்கும்போதெல்லாம் "மழை வருமா?" என்று மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். மழை வருமா என்று சொல்கிறவர்கள் மாடியில் இருப்பார்கள். நான் கீழே. ஆபீஸ் பின்பக்கம் புல்தரையில் நாலு காலில் ஒரு வெள்ளை மரப்பெட்டி இருக்கும், அதற்குள்ளே தெர்மாமீட்டர் இருக்கும், காலையில் எட்டரைக்கு அதைத் திறந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும், சாயந்திரம் இன்னொரு தடவை எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதைக் கல்யாணத்துக்கு முன்னால் என் மாமனாருக்குச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சம்பந்தி, முப்பத்துநாலு வருஷம் ஒரே பெட்டியைத் திறந்து பார்த்தவனுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த வெயில் வேறு, ஓய்வு பெறும்போது இருந்த வெயில் வேறு. ஒரு டிகிரியும் சொச்சமும் ஏறியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஜுரம் வந்தால் மட்டும் அந்த ஒரு டிகிரிக்கு டாக்டரிடம் ஓடுகிறார்கள்.

ஓய்வு பெற்ற அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாசலில் நின்ற என் பழைய காரைப் பார்த்தேன். தங்களுக்கு அந்தக் காரை நன்றாகத் தெரியும். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர், அதுவும் இறக்கத்தில். எங்கள் வீட்டில் பெண் எடுத்ததே அந்தக் காரைப் பார்த்துத்தான் என்று மாப்பிள்ளை கிண்டல் செய்வார், எனக்கும் அதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று தோன்றும். பத்து வருஷம் அந்தக் காரின் வாயில் தாங்கள் ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள், அதன் பின்பக்கத்திலிருந்து வந்ததை நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். இது சரியில்லை என்று பட்டது. அதைக் கொடுத்துவிட்டு, பாதி பெட்ரோலிலும் பாதி பேட்டரியிலும் ஓடுகிற சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். லிட்டருக்கு இருபத்தெட்டு. சொன்ன அன்றைக்குத் தாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள், ஆனால் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்த விதம் எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரையின் மூலையில் ஒரு சின்னப் பச்சைச் செடி. பதறாமல், அதட்டாமல், மெதுவாக ஓட்டினால் செடியில் ஒரு இலை துளிர்க்கும். இன்னும் மெதுவாக ஓட்டினால் இன்னொரு இலை. மொத்தம் ஐந்து. சடாரென்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இலை உதிர்ந்துவிடும். சம்பந்தி, என் சர்வீஸ் முழுக்க எந்த மேலதிகாரியும் எனக்கு ஒரு "சபாஷ்" சொன்னதில்லை. இந்த வண்டி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருந்தது. நான் விழுந்துவிட்டேன். முதல் வாரம் மூன்று இலை, இரண்டாம் வாரம் நாலு, ஐந்தாவது மட்டும் வரமாட்டேன் என்றது. அதற்காக ஸ்பேர் டயரை எடுத்து வீட்டில் வைத்தேன். டூல்ஸ் பெட்டியை எடுத்தேன். பின்னால் இருந்த குஷனை எடுத்தேன். என் மனைவி மளிகை வாங்கி வந்தால் உப்பையும் பருப்பையும் தனித்தனி நடையாக எடுத்து வரலாமே என்று ஒரு யோசனை சொன்னேன், அன்றைக்கு முழுக்க வீட்டில் சமையல் நடக்கவில்லை. ஏசியைத் தொடுவதே இல்லை. ஏசி போட்டால் ஒன்றரை இலை போய்விடும். ஜன்னலைத் திறக்கலாமே என்றால் காற்று எதிர்த்துத் தள்ளும், அரை இலை போச்சு. ஆகவே ஜன்னலைச் சாத்தி, ஏசியை நிறுத்தி, நாற்பதில் ஓட்டிக்கொண்டு போவோம். சைக்கிளில் போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போவார்கள். "அந்தச் செடியில இலை துளிர்க்குதோ இல்லையோ, இங்க நான் வாடிட்டேன்" என்பாள் இவள். நான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தேழு நாள் பங்க் பக்கமே போகவில்லை என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்களிடமே இரண்டு தடவை சொன்னேன். மன்னிக்கவும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். எரிபொருள் விற்பனையாளர் சங்கத்தில் நாற்பது வருஷச் சேவைக்காகத் தங்களுக்குக் கேடயம் கொடுக்கிறார்கள், பதினொரு மணிக்கு விழா. தங்கள் பெரிய கார் சர்வீசுக்குப் போயிருந்தது. மாப்பிள்ளையும் மகளும் மண்டப ஏற்பாட்டுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். "நான் எதுக்கு இருக்கேன் சம்பந்தி, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வலியப் போய்ச் சொன்னது நான்தான், அதை மறுக்கவில்லை. தாங்கள் கறுப்புக் கோட்டும் டையும் போட்டு முன்சீட்டில் உட்கார்ந்தீர்கள். சம்பந்தியம்மாவும் என் மனைவியும் பின்னால். தங்கள் எடை எவ்வளவு இருக்கும் என்று நான் கேட்டது பொதுவாக ஒரு நலவிசாரிப்பாகத்தான். ஐந்து நிமிஷத்தில் தங்கள் நெற்றியிலிருந்து வியர்வை டையில் சொட்ட ஆரம்பித்தது. "சம்பந்தி, ஏசி வேலை செய்யலையா?" என்றீர்கள். "ரொம்ப நல்லா வேலை செய்யும்" என்றேன். அதற்கு மேல் தாங்கள் கேட்கவில்லை, அது தங்கள் பெருந்தன்மை. அந்தச் சமயத்தில்தான் திரையில் ஐந்தாவது இலை லேசாக முளைவிட்டது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஐந்தாவது இலை! தாங்கள் விழாவில் பேசப்போவதை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள், ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி நகரவில்லை. திரை இருட்டாகிவிட்டது. செடி, இலை எல்லாம் போச்சு. பின்னாலிருந்து இருபது வண்டி ஹார்ன் அடிக்கிறது. இந்தக் காரில் சத்தமே இருக்காது என்பதால் ஓடுகிறதா நிற்கிறதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. நான் ஸ்டார்ட் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தாங்கள் கையைப் பிடித்துவிட்டீர்கள். "தொடாதீங்க! டாங்க் காலி. காலி டாங்க்ல ஸ்டார்ட் பண்ணினீங்கன்னா உள்ள இருக்கற பம்ப் எரிஞ்சிடும்" என்றீர்கள். "எப்படிச் சொல்றீங்க?" என்றேன். "நாப்பது வருஷமா பாக்கறேன் சம்பந்தி. எண்ணெய் இல்லாம நின்ன வண்டியோட மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். முப்பத்தேழு நாள் பெருமையடித்தவனுக்கு அது சரியென்றே பட்டது. இறங்கித் தள்ளினோம். கோட்டோடு தாங்களும் தள்ளினீர்கள். தள்ளும்போது கோட்டின் முதுகு கிழிந்த சத்தத்தை நான் கேட்டேன், சொல்லவில்லை. அதற்கும் மன்னிக்கவும்.

ஓரமாகப் பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினோம். பெண்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு டாக்ஸியை நிறுத்தி, "நாங்க முன்னாடி போய் உங்களுக்கு சீட் போட்டு வைக்கிறோம், நீங்க நிதானமா வாங்க" என்று ஏறிக்கொண்டார்கள். தாங்களும் ஏறியிருக்கலாம். நான் கெஞ்சினேன். தாங்கள் ஏறவில்லை. "பெட்ரோல் இல்லாம ரோட்ல நின்ன ஒருத்தனையும் இந்த நாப்பது வருஷத்துல நான் விட்டுட்டுப் போனதில்ல. சம்பந்தியையா விட்டுட்டுப் போவேன்?" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடிதத்தை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம்.

தங்கள் பங்க்குக்குப் போன் செய்தீர்கள். யாரும் எடுக்கவில்லை. வேலை பார்க்கிற எல்லாரும் கைதட்ட மண்டபத்துக்கு வந்து, மரியாதையாகப் போனை ஊமையாக்கி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் யாருக்காவது பேசுங்களேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "சேவைக் கேடயம் வாங்கப்போறவன் நடு ரோட்ல பெட்ரோல் இல்லாம நிக்கறேன்னு நான் யாருக்குய்யா போன் பண்றது?" அதுவும் சரிதான் என்று இரண்டு பேரும் கடை நிழலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தோம். நல்ல வெயில். "முப்பத்தெட்டு புள்ளி நாலு இருக்கும்" என்றேன். தாங்கள் போனில் பார்த்து, "முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கான்" என்றீர்கள். "புள்ளி நாலை விட்டுட்டாங்க" என்றேன்.

அப்போதுதான் தாங்கள் முதல் தடவையாக என் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் வெள்ளைப் பெட்டியைப் பற்றியும் நோட்டைப் பற்றியும் சொன்னேன். தாங்கள் ரோட்டில் போன வண்டிகளை விரல் விட்டு எண்ணினீர்கள். பிறகு, "நான் வித்ததெல்லாம் எங்கதான் போச்சுன்னு நினைச்சே பாத்ததில்ல சம்பந்தி. ஊத்துவோம், வண்டி போயிடும், அடுத்த வண்டி வரும்" என்றீர்கள். "மேலதான் போச்சு. நீங்க ஊத்தினீங்க, நான் அளந்தேன். ரெண்டு பேரும் ஒரே கம்பெனில ரெண்டு டிபார்ட்மெண்ட் மாதிரி" என்றேன். தாங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு அடங்கும்போது தாங்கள் குரலைத் தாழ்த்தி, "பையன் ஒரு வருஷமா பிடுங்கறான், ஒரு பம்பை எடுத்துட்டு அங்க காருக்கு சார்ஜ் போடற பாயிண்ட் வைக்கலாம்னு. செருப்பால அடிப்பேன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆனா உண்மையச் சொன்னா, அவன் சொல்றதும் நியாயமாத்தான் படுது. நான் கண்ணை மூடிட்டா அவனும் அவன் பிள்ளையும்தானே அந்த வெயில்ல நிக்கணும்? மூணாவது பம்பை எடுத்துடலாமான்னு பாக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றீர்கள். "என் உசுரு போனாலும் வாயிலேருந்து வராது" என்றேன். அந்த வாக்கை நான் ஒரு மணி பத்து நிமிஷம் காப்பாற்றினேன்.

அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்க் தெரிந்தது. கடைக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு நடந்தோம். கேனை யார் தூக்குவது என்று ஒரு தகராறு வந்தது, கடைசியில் ஆளுக்கு நூறடி என்று முடிவாயிற்று. அந்த பங்க்கில் தொப்பி போட்ட ஒரு பெண் பம்ப் பக்கத்தில் நின்றாள். நான் கேனை நீட்டினேன். "கேன்ல போடக் கூடாதுங்க சார், ரூலு" என்றாள்.

"கார் ரோட்ல நிக்குதும்மா, கொஞ்சமா ஊத்து."

"காரை இங்க கொண்டு வாங்க, ஊத்தறேன்."

"கார்ல பெட்ரோல் இல்லைம்மா."

"அப்ப போட்டுக்கிட்டு வாங்க."

"போடத்தாம்மா வந்திருக்கோம்!"

"அதான் கேன்ல போடக் கூடாதுன்னு சொல்றேனே சார்."

அந்தப் பெண்ணின் பொறுமையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். தாங்கள்தான் பொறுமையிழந்து, "எந்த மடையன் போட்ட ரூலு இது?" என்று கத்திவிட்டீர்கள். அவள் சுவரைக் காட்டினாள். அங்கே கண்ணாடி போட்டு ஒரு அறிவிப்பு. பாட்டிலிலோ கேனிலோ எரிபொருள் வழங்கப்படமாட்டாது, எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும் விதிவிலக்கு கிடையாது, இப்படிக்கு எரிபொருள் விற்பனையாளர் சங்கப் பாதுகாப்புக் குழுத் தலைவர். கீழே தங்கள் கையெழுத்து. அந்தப் பெரிய "ர்" போடுகிற அழகை நான் கல்யாணப் பதிவுப் படிவத்திலேயே பார்த்திருக்கிறேன். தாங்கள் அதை இரண்டு தடவை படித்தீர்கள். "எழுத்துப் பிழை இல்லாம இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

விஷயம் இந்த அசிங்கத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அதே சமயம் அங்கே எண்ணெய் இறக்கிவிட்டுக் கிளம்பின டேங்கர் லாரிக்காரர், "மொதலாளி! நீங்களா? கேனோட ஏன் இங்க நிக்கறீங்க?" என்று அந்த வட்டாரத்துக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். அந்தப் பெண் போர்டைப் பார்த்தாள், தங்களைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். தங்கள் பங்க்குக்கும் அவர்தான் லோடு கொண்டு வருகிறவராம். மணி பதினொன்றேகால் ஆகிவிட்டது, வேறு வழியில்லை, டேங்கரிலேயே ஏறிவிட்டோம். தங்களைக் கீழேயிருந்து நான் தள்ளினேன், மேலேயிருந்து அவர் இழுத்தார். உள்ளே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "இது லிட்டருக்கு எவ்வளவு தரும்?" என்று கேட்டேன். "லோடு இருந்தா மூணு, இல்லேன்னா நாலு" என்றார். மண்டபம் வரும்வரை உதிர்ந்த இலைகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன்.

மண்டப வாசலில் டேங்கர் போய் நின்றது. கதவு திறந்து தாங்கள் கோட்டோடு இறங்கினீர்கள். நாற்பது வருஷச் சேவைக்காரர் டேங்கரிலேயே வந்து இறங்குகிறார், என்ன ஒரு ஏற்பாடு என்று கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. போட்டோக்காரர்கள் ஓடி வந்தார்கள். சங்கத் தலைவர் கண்ணில் தண்ணீர். அந்த இடத்தோடு நான் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. கேடயம் கொடுத்தார்கள். தாங்கள் அழகாகப் பேசினீர்கள். அதன் பிறகுதான் அந்தத் தலைவர், "உறவினர் சார்பில் சம்பந்தி அவர்கள் இரண்டு வார்த்தை" என்று மைக்கில் என்னைக் கூப்பிட்டார். மகள் முதல் வரிசையிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மேடைக்கு வா என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. ரோட்டில் நின்ற யாரையும் விட்டுவிட்டுப் போகாதவர் என் சம்பந்தி என்றேன், கைதட்டினார்கள். சம்பந்தி, எனக்குக் கைதட்டல் பழக்கமில்லை. தெர்மாமீட்டர் கைதட்டாது. தலைக்கு ஏறிவிட்டது. "இவர் விற்றதெல்லாம் எங்க போச்சு தெரியுமா? என் நோட்டுல இருக்கு!" என்றேன், ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். உடனே நான் முதல் வருஷத்திலிருந்து சராசரி வெப்பத்தை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பத்தொன்பதாவது வருஷம் சொல்லும்போது சிரிப்பு நின்றிருந்தது. எனக்குப் பதறிவிட்டது, எப்படியாவது தங்கள் புகழில் கொண்டுபோய் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். "ஆனா என் சம்பந்தி சாதாரண ஆள் இல்ல! மூணாவது பம்பை எடுத்துட்டு அங்க காருக்கு சார்ஜ் போடற பாயிண்ட் வைக்கப் போறாரு! இப்பத்தான் எங்கிட்ட சொன்னாரு!" என்றேன்.

தலைவர் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்த தண்ணீரை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. போன மாதம்தான் சங்கத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், எந்த உறுப்பினரும் தன் பங்க்கில் சார்ஜ் பாயிண்ட் வைக்கக் கூடாது என்று. அதை முன்மொழிந்தது தாங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாளிலிருந்து சங்கத்தில் தங்களைப் "பிளக் பாயிண்ட்" என்று கூப்பிடுகிறார்களாமே. வண்டியை விடுங்கள், கோட்டை விடுங்கள், நம்பிச் சொன்ன ஒரு ரகசியத்தை நான் நாலு சுவருக்குள்கூட வைக்காமல் மைக்கில் வைத்தேனே, அதுதான் என்னை அரிக்கிறது. டயர் மேல் உட்கார்ந்து சிரித்த அந்த ஒரு மணி நேரத்தை நானே கெடுத்துவிட்டேன்.

ஒரு ஆறுதலுக்காகச் சொல்கிறேன். தங்கள் சங்கத்திலிருந்தே மூன்று பேர் எனக்குத் தனித்தனியாகப் போன் செய்து, "அந்த சார்ஜ் பாயிண்ட் வைக்கறதப் பத்தி உங்க சம்பந்தி விவரமா ஏதாவது சொன்னாரா, எவ்வளவு இடம் வேணுமாம்?" என்று காதும் காதும் வைத்த மாதிரி கேட்டார்கள். மற்ற இருவருக்கும் தெரியக் கூடாது என்று மூவருமே சொன்னார்கள். நான் திருந்திவிட்டேன், பேர் சொல்லமாட்டேன். ஒருவருக்குப் பெரிய மீசை, ஒருவருக்கு ரெண்டு பங்க், மூன்றாமவர் கையில்தான் தங்கள் சங்கத்துச் சாவி.

ஆகவே, நிறுத்தின வண்டிக்கும், கிழிந்த கோட்டுக்கும், நடந்த அரை கிலோமீட்டருக்கும், மைக்குக்கும் சேர்த்து மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முழுத் தவறும் என்னுடையது. காரை அன்றைக்கே மெக்கானிக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பம்ப் எரிந்துவிடும் என்று ஸ்டார்ட் செய்யவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதன் முகத்தில் விழிக்க மனமில்லாமல் நான் அந்தப் பக்கமே போகவில்லை. வந்த விலைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். இனி நடந்தே போவேன். தங்கள் முன்னால் டிகிரி என்ற வார்த்தையை எடுக்கமாட்டேன், பேரப்பிள்ளை படித்து டிகிரி வாங்கினால்கூட "பட்டம்" என்றுதான் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை நானும் இவளும் பஸ்ஸில் வருகிறோம். கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நிற்போம். வெயில் எவ்வளவு என்று சொல்லமாட்டோம்.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள், மகளுக்கு வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லி ஒரு அதட்டல், உள்ளே இருக்கும் குட்டிக்கு ஒரு முத்தம். தாங்கள் நூறு வருஷம் குளுகுளுவென்று வாழ வேண்டும் என்று வாழ்த்த எனக்கு வயசில்லை, தங்களைவிட இரண்டு வயது சின்னவன், ஆகவே வணங்கி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையே நம்பியிருக்கும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது மெக்கானிக் போன் செய்தார். கார் வாங்க ஆள் வந்ததாம். காட்டுவதற்காக பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அமுக்கினாராம், கிளம்பிவிட்டதாம். டாங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. "சார், இந்த வண்டி நின்னு போகல. நின்னுட்டிருந்தப்ப யாரோ பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணியிருக்காங்க" என்றார். நான் அமுக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவள் கீரை ஆய்ந்துகொண்டே, "உங்க சம்பந்திதான் அமுக்கினாரு. சிக்னல்ல வேர்க்குதுன்னு, ஏசி பட்டன்னு நினைச்சு அமுக்கினதைச் சம்பந்தியம்மா பின்னாலேருந்து பாத்திருக்காங்க. டயர் கடை வாசல்லயே எங்கிட்ட சொல்லிட்டாங்க" என்கிறாள். மூன்று வாரமாகத் தெரியுமாம்! ஏன் சொல்லவில்லை என்றால், "மூணு வருஷமா ரெண்டு பேரும் மழை வருமான்னு மட்டும் பேசிட்டிருந்தீங்க. நிழல்ல உக்காந்து கொஞ்சம் மனசு விட்டுப் பேசட்டுமேன்னு விட்டுட்டுப் போனோம். கேனைத் தூக்கிட்டு நடப்பீங்கன்னு யாரு கண்டா?" என்கிறாள்.

கார் விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதில்தான் வருகிறோம், ஏசி போட்டுக்கொண்டு.

இந்தக் கடிதத்தை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. மைக்கில் செய்த தவறு மட்டும் என்னுடையது, அந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளவும். மீதியில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். கீழே என் கையெழுத்தை அடித்துவிட்டுத் தங்களுடையதைப் போட்டு, எனக்கே திருப்பி அனுப்பிவிடவும். தபால்தலை ஒட்டின உறை உள்ளே வைத்திருக்கிறேன்.